பத்து மணிப் பசியாறல்

சென்ற ஆண்டு ஆசிரியர் பயிலரங்கு ஒன்றின் பொருட்டு நான்கு நாட்கள் கோலாலம்பூரில் தங்க நேர்ந்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கேமரன் மலையில் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்று, இப்போது தலைநகரில் நல்ல பணியில் இருக்கும் மாணவர் ஒருவர் என்னைத் தேடி விடுதிக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த தாயின் மகன். "சார், சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. இன்னைக்கு உங்களை ஒரு புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்போது மணி பத்தரை இருக்கும்.

சென்ற இடம் புக்கிட் பிந்தாங். 2000ஆம் ஆண்டுக்குப் பின் மேற்காசியப் பயணிகள் மலேசியாவுக்கு மிகுதியாக வரத் தொடங்கியபோது, அவர்கள் நாவுக்கேற்ற உணவகங்களும் அவ்வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. நாங்கள் நுழைந்தது லெபனான் நாட்டு உணவகம். நீல நிற நாற்காலிகள், பூ வேலை செய்த ஓடுகள் பதித்த சுவர்கள், மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்த் தொங்கும் கண்ணாடி விளக்குகள். நம் கோவில் திருவிழாவில் கடைத்தெருவைக் கண்ட சிறுவனைப்போல் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் வைத்திருந்த உணவுப் பட்டியலின் தலைப்பில் 'பிரன்ச்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. காலையுணவுக்கும் பகலுணவுக்கும் இடையே, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக உண்ணும் உணவு அது என்று மாணவர் விளக்கினார்.

"இதுக்குத் தமிழ்ல என்ன சார் சொல்றது?"

தமிழாசிரியனிடம் கேட்டால் விடை வராமலா போகும்? "முற்பகலுணவு" என்றேன். அவர் சிரித்தார். "ஆறாம் ஆண்டுல நான் கட்டுரையில 'பத்து மணிக்குப் பசியாறினோம்'னு எழுதினேன். நீங்க சிவப்பு மையில அடிச்சிட்டு, 'காலைச் சிற்றுண்டி உண்டோம்'னு திருத்திக் கொடுத்தீங்க. இன்னும் ஞாபகம் இருக்கு சார்" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் என்னை விடவில்லை. நான் அடித்தது பிழைதானா? பத்து மணிக்கு உண்பது எந்தக் கணக்கில் சிற்றுண்டியாகும்? இவ்வேளையுணவின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது கண்டவற்றைத் தமிழாசிரிய அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துரையின் காலையுணவு

'பிரன்ச்' என்னும் சொல்லை முதலில் அச்சேற்றியவர் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர். 1895ஆம் ஆண்டில் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்னும் இதழில் இப்புது உணவுக்காக வழக்காடி அவர் ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் களித்திருந்தவர்கள் ஞாயிறன்று வைகறையில் எழுந்து உண்ண வேண்டியதில்லை. நண்பகலை ஒட்டி எழுந்து, நண்பர்களோடு மகிழ்ந்து பேசிக்கொண்டே ஒரே உணவாக உண்ணலாம் என்பது அவர் வாதம். காலையுணவுக்குரிய ஆங்கிலச் சொல்லின் தலையையும் பகலுணவுக்குரிய சொல்லின் உடலையும் ஒட்டியதே இச்சொல். மறு ஆண்டே 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் இதனை எடுத்துப் பேசியது. (இதனைத் தமிழில் எழுதும்போது இரண்டு சுழி 'ன'வைப் போடுதல் நலம், இல்லையேல் பிரஞ்சு நாட்டு உணவோ என்று மயங்க நேரும்.)

சொல் 1895இல் பிறந்தது, சரி. அந்த உணவும் அன்றுதான் பிறந்ததா? இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த ஆங்கிலத் தோட்டத் துரைமாரின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும். துரை வைகறையில் எழுவார். ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் அல்லது ஒரு வாழைப்பழமும் உண்பார். இதற்கு இந்தியாவில் வழங்கிய பெயர் 'சோட்டா ஹாஸ்ரி' என்பது. பிறகு பெரட்டுக் களத்துக்குச் சென்று ஆள் கணக்கெடுப்பைப் பார்வையிட்டு, வெட்டுக் காட்டையும் கொழுந்துக் காட்டையும் சுற்றிவந்து, வெயிலேறிய பின் 11 மணியளவில் பங்களாவுக்குத் திரும்புவார். அப்போதுதான் முட்டை, இறைச்சி, கறி, சோறு என்று பெரிய காலையுணவு. லண்டன் இதழில் பெரிஞ்சர் வழக்காடுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, வெப்ப நாட்டுத் தோட்டங்களில் இது நாள்தோறும் நடந்த செயல். பெரிஞ்சர் துரைமாரைப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் கூறவில்லை. பெயரில்லாமல் அவ்வுணவு முன்னரே இருந்தது என்பதே என் கருத்து.

துரைக்கு அவ்வேளையை வகுத்தது எது? வெயில் மட்டுமன்று. அவர் யாரை மேற்பார்வை செய்தாரோ, அவர்களுடைய வேலையே அவ்வேளையை வகுத்தது.

மரமும் இலையும் வகுத்த வேளை

நான் பிறந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். என் தாயார் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பாலை வெளியே தள்ளும் அழுத்தம் வைகறைக் குளிர்ச்சியில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆதலால் இருள் பிரியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்ல வேண்டும். கத்தி கீறிய வாய்வழியே பால் மங்கில் சொட்டத் தொடங்கும். கடைசி மரத்தை வெட்டி முடிக்கையில் மணி 9 ஆகும். சில நாளில் அதனையும் கடக்கும். வெட்டிய மரம் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டும். அது நின்ற பிறகே வாளியை எடுத்துக்கொண்டு பாலெடுக்கச் செல்ல முடியும். வெட்டுக்கும் பாலெடுப்புக்கும் நடுவே கிடைத்த அந்தச் சிறு இடைவெளியே தோட்டத்துத் தமிழரின் முதலுணவு வேளை. அதனைத் துரையும் வகுக்கவில்லை, சட்டமும் வகுக்கவில்லை. மரம் வகுத்தது.

அப்போது என்ன உண்டார்கள்? முதல் நாள் சோற்றில் நீரூற்றி வைத்த பழையது, சுட்ட கருவாடு, பச்சை வெங்காயம். அல்லது கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். காகிதத்தைச் சுருட்டி அடைத்த போத்தலில் கறுப்புக் காப்பி. மரத்தடியில் குந்தியிருந்து உண்பர். கொசுவை விரட்ட ஒருவர் சருகு கொளுத்துவார். விடுமுறை நாளில் தாயாருக்கு உதவச் சென்று நானும் அவ்வாறு உண்டிருக்கிறேன். அதன் சுவையைப் பிற்காலத்தில் எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. வயிற்றில் நான்கு மணி நேரத்து வேலை இருந்ததுதான் காரணம் போலும்.

கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்தபின் தேயிலைத் தோட்டத்திலும் அதே வேளையைக் கண்டேன். 1885ஆம் ஆண்டில் இம்மலையை அளந்த வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு வழங்குகிறது. இங்குத் தேயிலை பயிரானது ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய பிறகு. கொழுந்து பறித்த நொடியிலிருந்தே மாறத் தொடங்குவது. கூடையில் நெடுநேரம் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஆலையில் அதற்கு மதிப்பில்லை. ஆதலால் மாலை வரை காத்திராமல் முற்பகலிலேயே ஒருமுறை நிறுத்து அனுப்ப வேண்டும். நிறுவைக்குக் கூடையை இறக்கியபோதுதான் தூக்குச்சட்டியும் திறக்கும். ரப்பர்த் தோட்டத்தில் மரம், இங்கே இலை. இரண்டும் சேர்ந்து தமிழனுக்குப் பத்து மணி உணவைப் பழக்கின.

அதற்கு மலேசியத் தமிழர் வழங்கிய பெயரே பசியாறல். இன்று நகரத்தில் எட்டு மணிக்கு உண்பதையும் அப்பெயராலேயே சுட்டுகிறோம். "பசியாறிட்டீங்களா?" என்பது இந்நாட்டில் நலம் விசாரிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்கள் இதனைக் கேட்டு வியப்பதுண்டு. ஆனால் காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம் மக்களிடையேயும் காலையுணவுக்குப் பசியாறுதல் என்னும் வழக்கே உண்டு. கடல் கடந்து வாணிகம் செய்தோரும் கடல் கடந்து கூலிக்கு வந்தோரும் ஒரே சொல்லைப் போற்றியிருப்பது எண்ணத்தக்கது.

சொல்லின் பொருளைப் பாருங்கள். புண் ஆறும், சினம் ஆறும், கொதித்த பால் ஆறும். பசியும் அவ்வாறே ஆறுகிறது. ஆங்கிலத்தில் காலையுணவு என்பது நோன்பை முறித்தல். தமிழில் அது வேதனை தணிதல். ஈகை அதிகாரத்தில் பிறர் பசியை ஆற்றுதலைத் தவத்தினும் மேலாக வள்ளுவர் வைத்தபோது ஆண்டதும் இவ்வேர்ச்சொல்லே. இத்தகைய சொல்லைத்தான் நான் சிவப்பு மையால் அடித்தேன். தோட்ட வழக்கு இலக்கிய வழக்காகாது என்று பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். அதனை நம்பி எத்தனை ஆண்டுகள் எத்தனை குழந்தைகளின் ஏடுகளில் அடித்தேனோ! 'பெரட்டு' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று திருத்தலாம். அதற்கு நியாயம் உண்டு. 'பசியாறல்' என்ன குற்றம் செய்தது?

தட்டில் கண்டவை

மீண்டும் அந்த வண்ண உணவகத்துக்கு வருவோம். மாணவர் வரவழைத்தவற்றுள் முதலில் வந்தது 'ஃபத்தே' என்னும் உணவு. அரபு மொழியில் பிய்த்துப் போடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த பெயர். காய்ந்துபோன பழைய ரொட்டியைத் துண்டுகளாக்கி, வெந்த கொண்டைக்கடலையையும் அதன் சூடான நீரையும் ஊற்றி, மேலே பூண்டு சேர்த்த தயிரைப் பெய்து, நெய்யில் வறுத்த பருப்பைத் தூவியிருந்தார்கள். லெபனான், சிரியா நாடுகளில் இது காலையுணவு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு கூடி உண்பது. எனக்குப் பழைய சோறு நினைவுக்கு வந்தது. நேற்றைய ரொட்டியைத் தயிரிட்டு அவர்கள் மீட்டார்கள்; நேற்றைய சோற்றைத் தயிரோ மோரோ இட்டு நாம் மீட்டோம். உணவை வீணாக்க முடியாத வீட்டுப் பெண்கள் இரு கடற்கரைகளிலும் தனித்தனியே கண்ட வழி அது. இங்கே ஒன்று வண்ணத் தட்டில் விலையேறி அமர்ந்திருந்தது. மற்றொன்றைப் பள்ளிக்குக் கொண்டுவர என் மாணவர் நாணியதை நான் அறிவேன். இடைவேளையில் தூக்கின் மூடியைப் பாதி மட்டும் திறந்து உண்பார்.

அடுத்து வந்தது ஹும்முஸ். கொண்டைக்கடலை என்பதே அச்சொல்லின் பொருள். கடலையை வேகவைத்து மசித்து, எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குழைத்து, எண்ணெய் விட்டுத் தருவது. இவ்வொரு தட்டில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. கொண்டைக்கடலை முதலில் பயிராக்கப்பட்டது இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. அங்கிருந்து கிழக்கே நடந்து இந்தியாவை அடைந்தது. நவராத்திரிச் சுண்டலானது அதுதான். மலாயாவில் திரைப்பட அரங்குகளின் வாயிலில் காகிதக் கூம்பில் தமிழர் விற்ற 'கச்சாங் பூத்தே'யிலும் அது இடம்பெற்றது. ஈப்போவின் புந்தோங்கில் அவ்வாணிகர் வாழும் பகுதிக்குக் 'கம்போங் கச்சாங் பூத்தே' என்றே பெயர்.

எள்ளோ எதிர்த்திசையில் சென்றது. அது இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராக்கப்பட்டது. ஹரப்பாவில் கரிந்த எள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மேற்கே சென்று மெசொப்பொத்தேமியாவை அடைந்து, பின் அரபு நாடுகளில் 'தஹினா' என்னும் விழுதாயிற்று. அரைத்தது என்பதே அச்சொல்லின் பொருள். மேற்கிலிருந்து கிழக்கே வந்த கடலையும் கிழக்கிலிருந்து மேற்கே சென்ற எள்ளும் ஒரு தட்டில் கூடியதே ஹும்முஸ்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய அக்காடிய மொழியில் நல்லெண்ணெய்க்கு வழங்கிய 'எல்லு' என்னும் பெயர் நம் 'எள்'ளிலிருந்து சென்றதே என்று ஆய்வாளர் சிலர் கருதினர். நம் மேடைகளில் இது முடிந்த முடிபாகவே முழங்கப்படுகிறது. ஆனால் அக்காடியத்தில் 'எல்லு' என்பதற்குத் தூயது என்னும் பொருள் தனியே உண்டு. தூய எண்ணெய் என்னும் கருத்தில் அவர்கள் அவ்வாறு அழைத்திருக்கலாம். நாம் நல்லெண்ணெய் என்று அழைக்கவில்லையா? ஒலி ஒத்தால் உறவு என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. எள் சென்றது மெய். அதன் பெயரும் உடன்சென்றதா என்பது வேறு வழக்கு. முன்னதே நமக்குப் போதுமான பெருமை.

ஐயத்துக்கு இடமில்லாத சொல்லுறவு வேண்டுவோர்க்கு அம்மேசைமீதே ஒன்று இருந்தது. கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குளிர்பானம் கொண்டுவந்து வைத்தார்கள். வாய்க்குக் கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது: நம் புளியும் சர்க்கரையும்! பெயர் கேட்டேன். 'தமர் ஹிந்தி' என்றார் பணியாளர். இந்தியப் பேரீச்சை என்பது பொருள். புளியமரம் ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியாவில் வேரூன்றியது. அதன் பழத்தை இந்தியாவிலிருந்து பெற்ற அரபியர், தமக்குத் தெரிந்த பழத்தின் பெயரால் அதனை அழைத்தனர். ஆங்கிலத்தில் புளிக்கு வழங்கும் பெயர் இவ்வரபுச் சொல்லின் திரிபே. ஒரு வணிகர் தம் நாட்டுப் பழத்தின் பெயரை நம் நாட்டுப் பழத்துக்கு இட்ட அந்த நொடியை எண்ணிப் பார்த்தேன்.

இறுதியாக வந்தது 'மனாகீஷ்' என்னும் தட்டை ரொட்டி. ஒருமையில் 'மன்கூஷே' என்பர். மாவை விரல் நுனியால் அழுத்திக் குழி பதித்து, மலைப்பூண்டுத் தூளும் எள்ளும் எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுடுவது. பதித்தல் என்னும் பொருளிலேயே பெயரும் வந்தது. லெபனான் ஊர்களில் பெண்கள் மாவையும் மேற்பூச்சையும் வீட்டிலேயே ஆயத்தம் செய்து, தெருமுனையில் உள்ள பொது அடுப்பில் சுட்டுவாங்கி வருவது வழக்கம். அவ்வடுப்பை 'ஃபுர்ன்' என்பர். இதன் மூலம் இலத்தீன் மொழியில் அடுப்பைக் குறிக்கும் 'ஃபுர்னுஸ்'. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துத் தமிழர் அதனைப் 'போறணை' ஆக்கினர். பாண் சுடும் அடுப்பு. ஆக, லெபனான் மலைக்காரரும் யாழ்ப்பாணத்துத் தமிழரும் ரொட்டி சுடும் இடத்துக்கு ஒரே மூலத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடல் வந்த வழி

இவ்வுறவுகளெல்லாம் நேற்று முளைத்தவை அல்ல. யவனர் கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதாக நக்கீரர் பாடியது புறநானூற்றில் உண்டு. ஈழத்திலிருந்து உணவும் காழகத்திலிருந்து செல்வமும் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். காழகத்தைக் கடாரம் என்பார் நச்சினார்க்கினியர்; அது இன்றைய கெடா. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்மூஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கலங்கள் அங்கு நின்றதைக் குறித்திருக்கிறார். குதிரையோடு அல்வாவும் சர்பத்தும் எந்நாளில் இறங்கின என்று யாரும் கணக்கெழுதவில்லை. சொற்கள் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டன. இரண்டும் அரபுச் சொற்களே.

அவ்வழி அங்கேயே முடியவில்லை; பினாங்குக்கும் நீண்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பத் தொடங்கியது 1801இல். அவர்களுள் எளியவர்கள் தோளில் காவுதடியிட்டு ஒருபுறம் சோற்றையும் மறுபுறம் கறிகளையும் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்குக் காலையிலேயே விற்றனர். காவுதடிச் சோறு என்பதே 'நாசி கண்டார்' என்னும் பெயரின் பொருள். 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் அங்கு நடைபெறுகிறது. இவர்கள் கடைகளில் விற்கும் 'முர்தபா', மடித்தது என்னும் பொருளுடைய 'முதப்பக்' என்ற அரபுச் சொல்லே. ரொட்டி சானாய்க்குச் சென்னையால் பெயர் வந்தது என்பாரும், மாவைத் தட்டிப் பரப்புதலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் வந்தது என்பாரும் உளர். வழக்கு முடியட்டும்; ரொட்டி ஆறிவிடும்.

இரு மலைகள்

லெபனான் என்றதும் செல்வர் நாடு என்று எண்ணிவிடுகிறோம். அம்மலையின் வரலாறு வேறு. 19ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி முசுக்கொட்டை நட்டார்கள். பட்டுப்புழுவுக்கு அதன் இலையே உணவு. பட்டு நூல் பிரான்சுக்குச் சென்றது. தானியம் விளைந்த நிலமும் முசுக்கொட்டைக் காடாயிற்று. உண்ணும் கோதுமை வெளியிலிருந்து வந்தது. பட்டின் விலை சரிந்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகப் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறினர். முதல் உலகப் போர் வந்தது. கடல்வழி அடைபட்டது, 1915இல் வெட்டுக்கிளி இறங்கியது, இருந்த தானியத்தையும் படைக்கென்று எடுத்தார்கள். 1918 முடிய அம்மலையில் பட்டினியாலும் நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ 2 லட்சம் என்று மதிப்பிடுவர்.

இதனைப் படித்தபோது எனக்கு வேறொரு மலை தெரிந்தது. மலாயாவின் தோட்டங்களும் உண்ண முடியாததையே விளைத்தன. ரப்பரைத் தின்ன முடியாது. தேயிலையால் வயிறு நிறையாது. போருக்கு முன் இந்நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்றது. 1942இல் ஜப்பானியர் வந்தபின் அவ்வரிசி நின்றது. ரப்பர் நிரைகளுக்கிடையே மரவள்ளி நட்டார்கள். பத்து மணிக்குத் தூக்கில் இருந்தது அவித்த கிழங்கு; அதுவும் சில நாள் இல்லை. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. என் பாட்டியார் இறுதி வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அர்ஜென்டினா சென்ற லெபனான் மலைக்காரருள் ஊர் திரும்பியவர்கள் அந்நாட்டு இலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 'மாத்தே' என்னும் அதன் குடிநீரை அம்மலையூர்களில் இன்றும் வட்டமாக அமர்ந்து பருகுகிறார்கள். புலம்பெயர்ந்தவன் வீடு திரும்பும்போது பொன்னைவிட இலையை மறவாமல் கொண்டுவந்தது ஒரு விந்தைதான்.

பதிவில் ஏறியவை

2023 டிசம்பரில் லெபனானின் மன்கூஷே உணவு வழக்கத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு, 2024 டிசம்பரில், மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டையும் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியன அதன்கண் பெயர் பெற்றுள்ளன. பல இனத்தாரும் ஒரே மேசையில் கூடி உண்ணும் வழக்கம் என்பதே சிறப்பாகக் கொள்ளப்பட்டது. தமிழ் முஸ்லிம் கடைகளின் உழைப்பு இதனால் உலகறியச் சிறந்தது; மகிழ்ச்சியே.

ஆனால் மரத்தடிப் பசியாறல் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதற்குக் கடையில்லை, பெயர்ப்பலகையில்லை, விலையுமில்லை. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறியபோது அது கலைந்தது. எங்கள் மலையிலும் இன்று கொழுந்தெடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கையால் கிள்ளிய இடத்தில் கத்திரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. நிறுவை வேளையில் அவர்களும் எதையோ பிரித்து உண்கிறார்கள். தம் மொழியில் அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். பள்ளி செல்லும் வழியில் நின்று கேட்க வேண்டும் என்று எண்ணுகிறேன், இதுவரை கேட்கவில்லை.

அன்பர்கள் ஒன்று செய்யலாம். தத்தம் பள்ளி வட்டாரத்து முதியோரிடம், பத்து மணிக்கு என்ன உண்டார்கள், எதில் கொண்டுசென்றார்கள், எப்படி அழைத்தார்கள் என்று மாணவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எங்கள் பள்ளியில் இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு அதனையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன். வந்த ஏடுகளில் நான் கேட்டறியாத சொற்களும் சில இருந்தன. சிவப்பு மையை அன்று எடுக்கவில்லை.

அந்த ஞாயிறன்று உணவகத்திலிருந்து புறப்படுகையில் மாணவர் இரண்டு மனாகீஷைப் பொட்டலம் கட்டுவித்து, "அம்மாகிட்ட கொடுத்துடுங்க சார்" என்றார். பயிலரங்கு முடிந்து நான் மலையேறியது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை அவ்வம்மையார் வீட்டுக்குச் சென்றேன். ரொட்டி விறைத்துப் போயிருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. கையில் நீரைத் தொட்டு மேலே தெளித்து, தோசைக்கல்லில் போட்டு வாட்டி, எனக்கொரு துண்டும் தமக்கொரு துண்டுமாய்ப் பிய்த்தார். "எள்ளு போட்டிருக்காங்க" என்றார். கறுப்புத் தேநீரில் தோய்த்து ஒரு வாய் உண்டு பார்த்துவிட்டு, "இதுக்குச் சம்பல் ஒண்ணும் கொடுக்கலியா, சார்?" என்று கேட்டார்.